தாம்பரத்து வௌவாலுக்கு ஒரு கணக்கு நோட்டு

(தாம்பரத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வௌவாலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் எங்கள் அடுக்ககத்தில் ஒருவர், "சார், அதை விரட்ட ஒரு வழி சொல்லிவிட்டு வாங்க, புண்ணியமாப் போகும்" என்றார். அவருடைய கார் நெட்டிலிங்க மரத்தடியில் நிற்கிறது. காலையில் பார்த்தால் கண்ணாடியெல்லாம் கொட்டையும் சக்கையும். அவர் கோபம் நியாயமானதுதான். விரட்டும் வழி என்னிடம் இல்லை. ஆனால் அந்த மரத்தில் எத்தனை வௌவால் இருக்கிறது, போன வருஷம் எத்தனை இருந்தது என்று கேட்டால், அவருக்கும் தெரியாது, அடுக்ககத்தில் வேறு யாருக்கும் தெரியாது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வௌவாலை ஒரு தடவை எண்ணினால் அது செய்தி. அதே இடத்தில், அதே மாதத்தில், அதே முறையில் வருஷா வருஷம் எண்ணினால்தான் அது கணக்கு. செம்பரம்பாக்கம் ஏரியில் இன்றைக்கு இத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரில் பார்த்ததும் சென்னைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறதே, ஏன்? முழுக் கொள்ளளவு 24 அடி என்பது தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் என்ன நடந்தது என்பதும் மறக்கவில்லை. பழைய எண்ணை ஒருவர் எழுதி வைத்திருப்பதால்தான் புதிய எண்ணுக்குப் பொருள் வருகிறது. வௌவாலுக்கு நம் ஊரில் அந்தப் பழைய எண் வேண்டும்.

முதலில், இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். உலகத்தில் 1,400-க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. பாலூட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வௌவால்தான். இந்தியாவில் 130-க்கு மேல். தாம்பரத்தைச் சுற்றி அவற்றுக்கு வேண்டியது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது. அந்த 365 ஏக்கர் வளாகத்தில் புதர்க்காடு இன்னமும் நிற்கிறது. 1928-இல் தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் பழைய மரங்கள் இருக்கின்றன. தெற்கே வண்டலூர் காப்புக்காடும் உயிரியல் பூங்காவும், கிழக்கே நன்மங்கலம் காடு, அதைத் தாண்டினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இடையிடையே சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகள். பல்லாவரம், திரிசூலம் பக்கம் கைவிட்ட கல்குவாரிகள். மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் போன்ற பழங்கோயில்கள். மரம், தண்ணீர், பாறை இடுக்கு, இருட்டு மண்டபம் என்று இவை நான்கும் கிடைக்கிற இடத்தில் வௌவால் இருக்கும்.

பெரியவர் பழந்தின்னி வௌவால். இறக்கை விரித்தால் நாலடிக்கு மேல். எடை ஒன்றரைக் கிலோ வரை போகும். பகல் முழுக்க உயரமான மரத்தில் கூட்டமாகத் தொங்கும். வருஷத்துக்கு ஒரே குட்டி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எலிபோல் பெருகும் பிராணி இல்லை இது. ஒரு கூட்டத்தில் பாதி போனால், அந்தப் பாதியை மீட்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

அடுத்தவர் குட்டைமூக்குப் பழந்தின்னி. நம் நண்பரின் கார் கண்ணாடிக்குப் பொறுப்பாளி பெரும்பாலும் இவர்தான். தேன்பழ மரம், நெட்டிலிங்கம், சப்போட்டா, கொய்யா, நாட்டுவாதுமை எதுவும் இவருக்குச் சம்மதம். மரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பழத்தைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய், சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புவார். விதை அப்படித்தான் ஊர் சுற்றுகிறது. இலுப்பையும் புன்னையும் ஆலும் அரசும் பரவுவதில் இவர்கள் பங்கு பெரிது. இலவம்பஞ்சு மரத்தின் பூக்களில் இரவில் மகரந்தம் சுமப்பவர்கள் வௌவால்கள் என்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் எழுதினார்கள்.

நெட்டிலிங்கத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பாளையங்கோட்டை செயின்ட் ஜான்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பாலசிங், கோயில்ராஜ் ஆகியோரும் அமெரிக்க வௌவால் அறிஞர் தாமஸ் குன்ஸும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆண் குட்டைமூக்கு வௌவால், அடர்ந்த கொடியிலோ நெட்டிலிங்கத்திலோ உள்ளே புகுந்து தண்டுகளையும் இலைகளையும் நாள்கணக்கில் கடித்துக் கடித்து ஒரு குடில் செய்கிறது. குடில் நன்றாக அமைந்தால் பெண்கள் வந்து சேர்கின்றன. நாம் அடுக்ககத்துக்கு அழகு என்று வரிசையாக நட்டு, கூம்பாகக் கத்தரித்துவிடுகிற மரத்துக்குள் இவ்வளவு பெரிய குடும்ப விவகாரம். கத்தரிக்கிறவர் கையில் ஒரு கூட்டத்தின் குடியிருப்பே இருக்கிறது.

மூன்றாவது வகை, நாம் துரிஞ்சில் என்று சொல்கிற பூச்சியுண்ணிகள். தெருவிளக்கைச் சுற்றி அந்திப் பொழுதில் வெட்டி வெட்டிப் பறப்பவை. சில இனங்களின் எடை நாலைந்து கிராம்கூட இருக்காது. கூரை இடுக்கு, ஜன்னல் சட்டத்தின் பின்புறம், பனையோலை மட்டை என்று விரல் நுழையும் இடம் போதும். கோயில் மண்டபங்களிலும் பாழடைந்த கட்டடங்களிலும் இலைமூக்கு வௌவால்கள் தங்கும்.

இவ்வளவு பேர் தலைக்கு மேலே இருந்தும் ஏன் கணக்கு இல்லை? இரவில் வருகிறது என்பது ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. காக்கை, எலி, சுண்டெலி இவற்றோடு பழந்தின்னி வௌவால்களும் அதில் தீங்குயிரிகளாக இருந்தன. கொன்றால் கேள்வி இல்லை. விதிவிலக்கு மிகச் சில இனங்களுக்கே. 2022-இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த அட்டவணை போனது. ஐம்பது ஆண்டுகள் ஒரு பிராணியைத் தீங்கு என்று எழுதி வைத்த பிறகு, அதை யார் உட்கார்ந்து எண்ணுவார்கள்?

அலட்சியத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு கதை உண்டு. 1948-இல் தேனிப் பக்கம் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற எஸ்டேட்காரர் ஒரு வௌவாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரத்துக்குப் போனது. குட்டைமூக்கு வௌவால் என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று அறிவித்து, சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். உயிரோடு மறுபடியும் அதை ஆய்வாளர்கள் கண்டது 1993-இல். இன்று அது சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான பாதுகாப்போடு இருக்கிறது. பெயர் தெரியாமலே போயிருந்தால் சட்டம் அதைத் தீங்குயிரியோடு சேர்த்தே பார்த்திருக்கும். எண்ணுவதற்கு முன்னால் எது எதென்று தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி, எண்ணுவது எப்படி? மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி மரத்தடி. பழந்தின்னிகள் பகலில் வெளிப்படையாகத் தொங்குவதால், பைனாகுலர் வைத்துக் கிளை கிளையாக எண்ணலாம். கோயம்புத்தூரில் இருக்கும் ஜூ அவுட்ரீச் அமைப்பு தெற்காசியா முழுவதற்கும் ஒரு வௌவால் வலையமைப்பை நடத்திவந்தது. 2002-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய வௌவால்களின் நிலையை மதிப்பிடும் பட்டறையும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் டெரோகவுன்ட் என்ற திட்டம். இந்தியா, இலங்கை, நேபாளம், வங்கதேசம் என்று பல நாடுகளில் தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ப் பழந்தின்னி மரத்தைத் தத்தெடுத்ததுபோல் பார்த்துக்கொண்டு, என்ன மரம், யாருக்குச் சொந்தம், எத்தனை வௌவால், என்ன ஆபத்து என்று படிவத்தில் நிரப்பி அனுப்பினார்கள். விஞ்ஞானிகள் மட்டும் செய்த வேலை அல்ல இது. ஆசிரியர், மாணவர், விவசாயி எல்லோரும் சேர்ந்தார்கள். படிவத்தில் மரத்தைப் பற்றிய கேள்விகள் வௌவாலைப் பற்றியவற்றைவிடக் குறைவில்லை என்பதைக் கவனியுங்கள். மரம் போனால் கூட்டம் போயிற்று.

இரண்டாவது வழி வாசலடி. கட்டடத்திலோ குகையிலோ இருக்கும் வௌவாலை உள்ளே போய் எண்ணக்கூடாது. டார்ச் அடித்தால் கலைந்துபோகும். குட்டி சுமக்கும் தாய்கள் குட்டியைத் தவறவிடும். வெளியே வரும்போது எண்ண வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களே செய்யக்கூடியது.

சூரியன் மறைவதற்கு அரைமணி முன்னாடியே போய்விடுங்கள். எந்த ஓட்டையில் வருகிறது என்று பகலிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். சுவரிலும் தரையிலும் மிளகு சிந்தியதுபோல் எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே பாருங்கள். மேற்கு வானம் ஓட்டைக்குப் பின்னால் வருகிற மாதிரி உட்காருங்கள். வெளிறிய வானத்தில் கறுப்பாகத் தெரியும். இருவர் எண்ண வேண்டும், முடியும்வரை ஒருவர் எண்ணை மற்றவர் கேட்கக்கூடாது. ஆளுக்கு இரண்டு எண்ணும் கருவி, கோயிலில் பிரதட்சிணம் எண்ணுகிறவர்கள் விரலில் மாட்டியிருப்பார்களே, அது போதும். முதலில் ஒன்று வரும், வெளியே ஒரு வட்டம் அடித்துவிட்டு உள்ளே போய்விடும். இரண்டு நிமிஷம் ஒன்றும் வராது. அப்புறம் மூன்று, நாலு, பத்து என்று கொட்டும். வலக்கை வெளியே வருவதை எண்ணும், இடக்கை திரும்ப உள்ளே போவதை எண்ணும். கடைசியில் ஒன்றை மற்றொன்றிலிருந்து கழிக்க வேண்டும். இருட்டிப் போய்க் கண் தடுமாறும்போது நிறுத்திவிடுங்கள். தேதி, மறைவு நேரம், முதல் வௌவால் வந்த நேரம், மேகமா மழையா, அன்றைக்குப் பக்கத்தில் பட்டாசோ ஒலிபெருக்கியோ இருந்ததா, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

முதல் வௌவால் வந்த நேரம் எதற்கு என்று கேட்கலாம். மதுரையில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் சேர்ந்து, குகையில் தங்கும் இலைமூக்கு வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். பகலிரவு தெரியாத இருட்டுக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தால், கூட இருப்பவர்கள் போவதையும் வருவதையும் கொண்டே அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று கண்டார்கள். தனித்துவிட்டால் கடிகாரம் மெல்ல நகர்ந்துபோகிறது. கூட்டம் என்பது வௌவாலுக்கு வெறும் எண்ணிக்கை இல்லை, ஒழுங்கு. கிளம்பும் நேரம் மாறினால், எண்ணிக்கை குறைவதற்கு முன்பே ஏதோ நடக்கிறது என்று பொருள். வாசலுக்கு எதிரே புதிதாக ஒரு எல்.இ.டி. விளக்கு வந்திருக்கலாம்.

மூன்றாவது வழி காது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் ஸ்பல்லன்சானி, கண்ணைக் கெடுத்த வௌவாலும் தடுமாறாமல் பறப்பதைக் கண்டார். காதை அடைத்தால்தான் முட்டிக்கொண்டது. காரணம் புரிய 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியைப் பிடிக்கும் கருவி முன் வௌவாலைக் கொண்டுபோனார். கருவி அலறியது. நமக்குக் கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை. தெருவிளக்கடித் துரிஞ்சில்களில் பல 40, 50 கிலோஹெர்ட்ஸில் கத்தும். நம் ஊர் இலைமூக்கு வௌவால் ஒன்று 130 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தும். இனத்துக்கு இனம் குரல் மாறுவதால், குரலைப் பதிவு செய்து இனத்தைச் சொல்லலாம்.

உள்ளங்கையில் அடங்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. சில வகைக் கருவி குரலை நம் காதுக்கு எட்டும்படி மாற்றித் தரும். ஏரிக்கரையில் நின்று 45 கிலோஹெர்ட்ஸில் வைத்தால், முதலில் நிதானமாக டப், டப், டப் என்று கேட்கும். பூச்சியைக் கண்டதும் டப்டப்டப் என்று நெருங்கும். பிடிக்கப்போகிற நொடியில் கிர்ர்ர் என்று ஒரே இழுப்பு. அதன் பிறகு ஒரு கணம் சத்தமே இருக்காது. தலைக்கு மேல் ஒரு வேட்டை நடந்து முடிந்தது, நமக்குத் தெரிந்தது அந்த இழுப்பு மட்டும்.

வால்பாறையில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இப்படிக் குரல் வைத்து வௌவால்களை ஆராய்ந்தவர்கள் உண்டு. கிளேர் வேர்ட்லி, திவ்யா முத்தப்பா, மகேஷ் சங்கரன், ஜான் ஆல்ட்ரிங்ஹாம் ஆகியோர் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி வௌவால்களின் குரல்களை 2014-இல் தொகுத்து வெளியிட்டார்கள். வலை போட்டுப் பிடித்தது, குரலைப் பதிவு செய்தது இரண்டையும் பின்னர் ஒப்பிட்டபோது, சில இனம் வலையில் சிக்கவில்லை, குரலில் மட்டும் இருந்தது. சில இனம் குரலில் தப்பி, வலையில் விழுந்தது. ஒரே வழியை நம்பினால் ஊரில் பாதிப் பேரை விட்டுவிடுவோம்.

கருவிக்கு ஒரு குறை உண்டு, வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள். அது வௌவாலை எண்ணாது, குரலை எண்ணும். ஒரே துரிஞ்சில் ஒரே விளக்கை முப்பது தடவை சுற்றினால் முப்பது பதிவு. அதை முப்பது வௌவால் என்று எழுதினால் கதை கெட்டது. பழந்தின்னிகளுக்கோ இந்தக் கருவி அனேகமாக உதவாது. அவை கண்ணையும் மூக்கையும் நம்புகிறவை.

எண் என்றால் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இன்னொரு உதாரணம். 'வௌவால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கொசு தின்னும்' என்று வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் 1960-இல் அதே கிரிஃபினும் சகாக்களும் மூடிய அறைக்குள் கொசுக்களை விட்டுச் செய்த சோதனை. நிமிஷக் கணக்கில் பிடித்ததை மணிக்கணக்காகப் பெருக்கியதால் வந்த எண். தாம்பரத்துத் துரிஞ்சில் தாம்பரத்துக் கொசுவைத் தின்று டெங்குவை ஒழிக்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. வௌவாலை நேசிப்பவர்கள் பொய் எண்ணைக் கையில் எடுத்தால், வௌவாலை வெறுப்பவர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

சரி, வருஷா வருஷம் எதற்கு? 2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஹௌஸ் குகையில், மூக்கில் வெள்ளைப் பூஞ்சை படிந்த வௌவால்களைக் குகை பார்க்கப் போன ஒருவர் படம் எடுத்தார். குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவால்களை அங்கே பல குகைகளில் முன்பிருந்தே எண்ணி எழுதி வந்தார்கள். அதனால்தான், அந்தப் பூஞ்சை நோயால் பத்தாண்டுக்குள் மூன்று இனங்கள் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அழிந்தன என்று அடித்துச் சொல்ல முடிந்தது. பின்விளைவையும் கணக்கிட முடிந்தது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் இயால் ஃபிராங்க் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வௌவால் செத்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிமருந்தை 31 சதவீதம் கூட்டி அடித்ததாகவும், அதே மாவட்டங்களில் சிசு மரணம் ஏறத்தாழ 8 சதவீதம் உயர்ந்ததாகவும் சொல்கிறார். குகையில் யாரோ எண்ணிய எண், தொட்டிலில் கிடந்த குழந்தை வரை போய்ச் சேர்ந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னையிலும் புறநகரிலும் ஆயிரமாயிரம் மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. வண்டலூர்ப் பூங்கா மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. மறுநாள் தெருத்தெருவாக மரம் அறுத்தோமே, எந்த மரத்தில் எத்தனை வௌவால் தொங்கியது என்று நம் தெருவில் யார் எழுதி வைத்திருந்தோம்? விழுந்த மரத்தை எண்ண முடிந்தது, வெட்டுமரமாகவாவது அது தரையில் கிடந்தது. வௌவால் விஷயத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய எண் இருந்திருந்தால், எந்த மரத்தை மீண்டும் நட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

வருஷா வருஷம் எண்ணுவதற்கு வெயிலும் ஒரு காரணம். ஆஸ்திரேலியாவில் 2018 நவம்பரில் இரண்டே நாள் வெப்பத்தில் 23 ஆயிரம் பழந்தின்னிகள் மரத்திலிருந்து செத்து விழுந்தன. அந்த இனத்தின் மூன்றில் ஒரு பங்கு அது என்று உடனே சொல்ல அவர்களால் முடிந்தது, மாதாமாதம் எண்ணி வைத்திருந்ததால். 2020 மே மாதம் உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர் பக்கம் நூற்றுக்கணக்கில் வௌவால் செத்து விழுந்தபோது, ஊரே கொரோனா என்று நடுங்கியது. பரிசோதித்தால், காரணம் வெயில். நம் ஊர்க் கத்திரி வெயிலில் ஏரி வற்றி, மரமும் குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

கொரோனா என்றதும் அரங்கத்தில் சலசலப்பு கேட்கிறது. வௌவால் நோய் பரப்பும் என்ற பயத்தையும் பேசிவிடுவோம். நிபா வைரஸின் இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது உண்மை. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, முதலில் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கிணற்றில் இருந்த வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். அவை பூச்சியுண்ணிகள், வைரஸ் இல்லை. பிறகு பழந்தின்னிகளைச் சோதித்தபோதுதான் தடயம் கிடைத்தது. எது எந்த வௌவால் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொளுத்தக் கிளம்பினால் நோயும் போகாது.

இன்னும் ஒரு படி மேலே போன ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே ஹென்ட்ரா என்ற வைரஸ் பழந்தின்னியிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதருக்கும் தாவும். பெகி ஈபியும் குழுவினரும் 1996 முதல் 2020 வரை இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை வைத்து 2022-இல் எழுதினார்கள். காடு அழிந்து, பூ இல்லாமல் பட்டினி வந்த வருஷங்களில் வௌவால் பண்ணைப் பக்கம் ஒதுங்கியது, நோய் தாவியது. மிச்சக் காடுகளில் குளிர்காலத்தில் பூத்துக் குலுங்கிய வருஷங்களில் தாவல் இல்லை. விரட்டப்பட்ட வௌவாலைவிட வயிறு நிறைந்த வௌவால் நமக்குப் பாதுகாப்பு. ஒரு வருஷக் கணக்கில் இது தெரிந்திருக்காது.

எனவே பயப்படுவதற்குப் பதில் ஒழுங்காக இருப்போம். வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். விழுந்து கிடந்தால் குழந்தைகளை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எண்ணப் போகிறவர்கள் வெளியே நின்று எண்ணினால் போதும்.

இதுவரை கேட்டவர்கள், எண்ணினால் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தால், ஒரு கசப்பான கதையையும் சொல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு. அங்கே மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு துரிஞ்சில் குறைந்துகொண்டே வருவதைக் கருவி வைத்து 1990-களிலிருந்தே எழுதி வந்தார்கள். வரைபடம் இறங்கிக்கொண்டே போனது. பிடித்து வளர்த்தால் பிழைக்கும் என்று அறிஞர்கள் கேட்டார்கள். அனுமதி வந்தது 2009 ஜூலையில். ஆகஸ்டில் குழு போனபோது ஒன்றே ஒன்றின் குரல் கேட்டது. அதைப் பிடிக்க முடியவில்லை. 2009 ஆகஸ்ட் 26-க்குப் பிறகு அந்தக் குரலும் இல்லை. 2017-இல் அற்றுப்போன இனம் என்று அறிவித்தார்கள். ஒரு இனத்தின் கடைசி நாளைத் தேதி போட்டுச் சொல்லும் அளவுக்குத் துல்லியமான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை வாங்கிக்கொண்டு நேரத்தில் கையெழுத்துப் போட ஆள் இல்லை.

ஆகவே எண் யார் மேஜைக்குப் போக வேண்டும் என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். நம் ஊரில் மூன்று மேஜைகள் எனக்குத் தெரிகின்றன. ஒன்று, கோயில் திருப்பணிக் குழு. குடமுழுக்குக்கு முன்னால் மண்டபத்தைக் கழுவி, ஓட்டையை அடைத்து, வலை கட்டிவிடுகிறார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குட்டி இருக்கும் மாதத்தில் அடைக்காதீர்கள், ஒரு மூலையையாவது இருட்டாக விடுங்கள் என்று கேட்கலாம். கேட்கும்போது கையில் எண் இருந்தால் காது கொடுப்பார்கள். இரண்டு, மாநகராட்சி. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானது. விளக்குக் கம்பம் எங்கே, ஏரிக்கரை நடைபாதை எப்படி, என்ன மரம் நடுவது என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. பொது இடத்து மரத்தை வெட்டும் கோப்பு மாவட்டப் பசுமைக் குழுவுக்குப் போகிறது. அந்தக் கோப்பில் 'இந்த மரத்தில் வௌவால் கூட்டம் தங்குகிறது, ஐந்து வருஷக் கணக்கு இணைப்பில்' என்று ஒரு தாள் இருந்தால், கோப்பைப் புரட்டுகிறவர் ஒரு நிமிஷமாவது நிற்பார். மூன்றாவது மேஜை நம்முடைய குடியிருப்போர் நலச் சங்கம். நெட்டிலிங்கத்தை எந்த மாதம் கத்தரிப்பது என்பது அங்கேதான் முடிவாகிறது.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். மதுரைப் பக்கம் புளியங்குளம் என்ற கிராமத்தில், ஆலமரத்துப் பழந்தின்னிகளை முனி காப்பதாக ஊரார் நம்பி, ஒருவரையும் தொட விடாமல் இருந்ததைப் பற்றி 1988-இல் பேராசிரியர் மாரிமுத்து எழுதினார். சட்டம் அப்போது அவற்றைத் தீங்கு என்றது. ஊர் முனியைத்தான் கேட்டது. நம் அடுக்ககங்களில் முனி கிடையாது. அந்த இடத்தில் ஒரு நோட்டாவது இருக்கட்டும் என்கிறேன்.

மாணவர்களே, ஒரு மரம், ஒரு கட்டடம், ஒரு தெரு. இந்த மூன்றைத் தேர்ந்தெடுங்கள். மரத்தைத் தை மாதம், குட்டி போடும் பருவத்துக்கு முன்னால் ஒரு தடவையும், குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு ஆடியில் ஒரு தடவையும் எண்ணுங்கள். கட்டடத்து வாசலை அதே இரு மாதங்களில், மழையில்லாத மாலையில் எண்ணுங்கள். கருவி கிடைத்தால் தெருவில் நடந்து கேளுங்கள், கிடைக்காவிட்டால் முதல் இரண்டே போதும். எண் குறைந்தால் குறைந்தது என்றே எழுதுங்கள், ஒன்றும் வராத நாளில் பூஜ்யம் போடுங்கள். பூஜ்யமும் எண்தான்.

நோட்டை உங்கள் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படித்து முடித்து வேறு ஊர் போவீர்கள். வீடு மாறுவீர்கள். பள்ளி நூலகத்திலோ சங்க அலுவலகத்திலோ வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அடுத்து வருகிறவர், முதல் பக்கத்தில் எப்படி எண்ணினோம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதே இடத்தில் நின்று எண்ணட்டும். கார் கண்ணாடியைத் துடைக்கும் என் நண்பரையும் அழைத்திருக்கிறேன். வௌவால் மேல் அவருக்கு இருக்கும் கோபத்துக்கு, அவரைவிட ஒழுங்காக எண்ணுகிறவர் கிடைக்கமாட்டார். வருகிற தையில் தொடங்குவோம்.